கரன்ட் பில் ஜீரோ ரூபாய்... சந்தோஷப்படாதீங்க, புரோகிராம் தப்பு!

பைத்தான் கற்க ஆரம்பித்த சில நாள்களிலேயே எல்லோரும் எழுதிப் பார்க்கும் புரோகிராம் ஒன்று உண்டு. எண்ணைக் கேட்கும், கணக்குப் போடும், விடை சொல்லும். இந்த வாரம் நாம் அதற்கு கரன்ட் பில்லை எடுத்துக்கொள்வோம். வீட்டில் தாத்தா, பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஈ.பி. அட்டையைப் பற்றி நம்மைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

புரோகிராம் ரொம்ப சிம்பிள். போன முறை ரீடிங் என்ன, இந்த முறை ரீடிங் என்ன என்று கேட்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதனால் விடை 100 அல்லது அதற்குள் என்றால் 'பில் 0 ரூபாய்' என்று சொல்லும். தாண்டினால் கட்டணக் கணக்குக்குப் போகும். 4820, 5130 என்று கொடுத்தால் 310 யூனிட். சூப்பர்.

இப்போது பாட்டியிடம் கொடுங்கள். அவர் '5130 யூனிட்' என்று டைப் செய்வார். அவரைப் பொறுத்தவரை அதுதான் சரியான பதில். புரோகிராமோ நாலைந்து வரி இங்கிலீஷில் திட்டிவிட்டுப் படுத்துவிடும். கடைசி வரியில் 'வேல்யூ எரர்' என்று இருக்கும்.

காரணம் இதுதான். 'இன்புட்' என்ற கட்டளை கீபோர்டிலிருந்து எதை வாங்கினாலும் எழுத்தாகவே வாங்கும். 5130 என்பதும் அதற்கு நான்கு எழுத்துகள்தான். 'இன்ட்' என்ற கட்டளைதான் அதை எண்ணாக மாற்றுகிறது. மாற்ற முடியாத ஒன்று வந்தால் கையை விரித்துவிடும். முன்னும் பின்னும் ஸ்பேஸ் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் நாம் பேப்பரில் எழுதுவதுபோல 5,130 என்று கமா போட்டால் தாங்காது. கமாவை எடுத்துவிட்டு மாற்றுவது ஒரு வரி வேலை. அதைப் பாட்டி தலையில் கட்ட வேண்டாம், நாமே செய்துவிடலாம்.

மற்றதுக்கு 'ட்ரை' இருக்கிறது. மாற்றிப் பார், முடியாவிட்டால் 'எக்செப்ட்' பகுதிக்கு வா என்று அர்த்தம். இதை 'வைல் ட்ரூ' என்ற முடிவில்லாத சுற்றுக்குள் வைத்து, சரியான எண் கிடைத்ததும் 'பிரேக்' போட்டு வெளியே வந்துவிட வேண்டும். தப்பாக வந்தால் மறுபடி கேட்கும், அவ்வளவுதான். 'தவறான உள்ளீடு' என்று மொட்டையாகச் சொல்வதைவிட, 'எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள். உதாரணம்: 5130' என்று சொன்னால் பாட்டி இரண்டாவது தடவையே சரியாகப் போட்டுவிடுவார்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. 'எக்செப்ட்' என்று வெறுமனே எழுதாமல், பக்கத்தில் 'வேல்யூ எரர்' என்று குறிப்பிட்டே எழுதுங்கள். வெறுமனே எழுதினால் அது எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். புரோகிராமை நிறுத்த கன்ட்ரோல் பட்டனோடு 'சி' அழுத்தினாலும் அதையும் விழுங்கிவிட்டு, 'எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள்' என்று மறுபடி ஆரம்பிக்கும். வெளியே வர வழியே இருக்காது.

இன்னொன்று, 'இஸ்டிஜிட்' என்ற குறுக்குவழி. நிறைய வீடியோக்களில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மைனஸ் குறியோடு வரும் எண்ணை எண்ணே இல்லை என்று சொல்லும். சதுர மீட்டர் எழுதும்போது மேலே குட்டியாகப் போடுவோமே ², அதை எண் என்று ஒப்புக்கொள்ளும், ஆனால் 'இன்ட்' அதை மாற்ற மறுத்துவிடும். மாற்றிப் பார்ப்பதுதான் மாற்ற முடியுமா என்பதற்கு நல்ல சோதனை. அதற்கு 'ட்ரை' போதும்.

ஒரு குஷியான விஷயம்: பாட்டி ௫௧௩௦ என்று தமிழ் எண்களில் டைப் செய்தாலும் 'இன்ட்' அதை 5130 என்று சரியாகப் புரிந்துகொள்ளும். ஆனால் பழைய முறைப்படி பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று போட்டால் முடியாது. செய்து பாருங்கள்.

விழாத புரோகிராம்தான் ஆபத்து

இத்தனையும் செய்துவிட்டால் புரோகிராம் விழாது. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு ரீடிங்கையும் மாற்றிப் போட்டுவிட்டால்? முதலில் 5130, அடுத்து 4820. இரண்டுமே அழகான எண்கள், 'ட்ரை' ஒன்றும் சொல்லாது. விடை மைனஸ் 310. அது 100-ஐவிடக் குறைவுதானே? 'பில் 0 ரூபாய்' என்று புரோகிராம் பளிச்சென்று சொல்லும். பாட்டி சந்தோஷமாக எழுந்து போய்விடுவார். சிவப்பு வரி காட்டி விழுந்திருந்தாலாவது ஏதோ தப்பு என்று தெரிந்திருக்கும். இங்கே தப்பான விடை, சரியான விடையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

அப்படியானால் மைனஸ் வந்தாலே மறுத்துவிடலாமா? அங்கேயும் கொஞ்சம் பொறுங்கள். ஐந்து இலக்க மீட்டர் 99999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். பழுதான மீட்டரை மாற்றிப் புதிது வைத்திருந்தாலும் ரீடிங் குறைவாகத்தான் இருக்கும். நடக்கவே முடியாததை மறுக்க வேண்டும். நடப்பது அபூர்வம் என்றால் கேட்க வேண்டும். ரீடிங்கே மைனஸில் இருந்தால் மறுத்துவிடுங்கள். போன முறையைவிடக் குறைவாக இருந்தால், 'மீட்டர் மாற்றினீர்களா, இல்லை எண்கள் இடம் மாறிவிட்டனவா?' என்று கேளுங்கள்.

இந்த வித்தியாசத்தின் விலை என்ன என்று ஜப்பானில் தெரிந்தது. 2005 டிசம்பர் 8. ஜே-காம் என்ற நிறுவனத்தின் பங்குகள் டோக்கியோ சந்தைக்கு வந்த முதல் நாள். மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனம் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டும். இரண்டு எண்களும் இடம் மாறின. 6,10,000 பங்குகள், ஒவ்வொன்றும் 1 யென்! அந்த நிறுவனத்தில் மொத்தம் இருந்ததே சுமார் 14,500 பங்குகள்தான். திரையில் எச்சரிக்கை வந்தது. அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். பதறிப்போய் ரத்து செய்யப் பார்த்தபோது சந்தையின் கம்ப்யூட்டரில் இருந்த இன்னொரு கோளாறால் அதுவும் முடியவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். டோக்கியோ பங்குச் சந்தையின் தலைவரே பதவி விலகினார்.

அங்கே டைப் செய்ததும் இரண்டு நல்ல எண்கள்தான். இருப்பதைவிட நாற்பது மடங்கு பங்குகளை விற்கக் கேட்பது நடக்கவே முடியாதது. அதற்கு 'சரியா?' என்று ஒரு எச்சரிக்கை போதவில்லை. தினமும் பத்து முறை 'சரியா?' என்று கேட்டால், பதினோராவது முறை கை தானாக 'சரி' அழுத்தும். நம் போனில் ஆப் போடும்போது எத்தனை 'ஓகே'வை நாம் படித்திருக்கிறோம்?

தசம எண் வேண்டும் என்று 'ஃப்ளோட்' பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. யாராவது என்-ஏ-என் என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துகளை டைப் செய்தால், 'ஃப்ளோட்' அதை ஏற்றுக்கொள்ளும். 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் விசேஷ மதிப்பு அது. பூஜ்யத்தைவிடக் குறைவா? இல்லை. 99999-ஐவிட அதிகமா? இல்லை. அப்போது உள்ளே வா என்று உங்கள் புரோகிராம் விட்டுவிடும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: 0-க்கும் 99999-க்கும் இடையில் இருக்கிறதா? இல்லை என்று வரும், வாசலிலேயே நின்றுவிடும்.

இந்த வார ஹோம்வொர்க்: புரோகிராமை எழுதி முடித்ததும் தம்பி, தங்கையிடம் கொடுத்து, 'இதை ஏமாற்றிக் காட்டு' என்று சொல்லுங்கள். வெறும் என்டர் அழுத்துவார்கள், ஸ்மைலி போடுவார்கள், நீளமாக ஒன்பதுகளைத் தட்டுவார்கள். எதற்கு விழுந்தது, எதற்கு விழாமல் தப்பான பில் கொடுத்தது என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் லிஸ்ட் பற்றிப் பேசும்போது, ஆறு பில்களைச் சேர்த்து ஒரு வருடக் கணக்கைப் போடப்போகிறோம்.