கண்ணாடித் தொட்டியில் ஒரு சக்கரவர்த்தி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

முன்னொரு காலத்தில் ஒரு வீட்டின் வளத்தைத் தொழுவில் நிற்கும் மாட்டையும் களத்தில் குவிந்திருக்கும் நெல்லையும் கொண்டு அளந்தார்கள். பிறகு வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று வரவேற்பறையில் நீல விளக்கொளியில் மின்னும் மீன் தொட்டி அந்த வரிசையில் வந்து நிற்கிறது. அதிலும் நன்னீர் மீன் வளர்ப்பது பழைய நாகரிகமாம். உப்பு நீர் நிரப்பி, பாறை அடுக்கி, கடலையே வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் புதிய நாகரிகமாம். அந்தத் தொட்டிக்கு மணிமகுடமாகப் பலரும் விரும்பிக் கேட்பது ஏஞ்சல் மீன். தேவதையின் பெயரைத் தாங்கிய இந்த மீனை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதற்கும் முன்னால், தேர்ந்தெடுக்கத்தான் வேண்டுமா என்பது பற்றி என் கருத்தை நம் கல்லூரி மலர் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஏஞ்சல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டித் தரப்படும் முக்கோண வடிவ நன்னீர் மீன். அது அமேசான் ஆற்றைச் சேர்ந்தது. நான் சொல்வது கடல் ஏஞ்சல். இரண்டுக்கும் பெயர்ப் பொருத்தம் உண்டே தவிர உறவுப் பொருத்தம் இல்லை. கடல் ஏஞ்சல் குடும்பத்தில் ஏறத்தாழ 90 இனங்கள் உள்ளன. விரல் நீளத்தோடு நின்றுவிடும் குள்ள இனங்களும் அவற்றில் உண்டு. பெரிய இனங்களில் எம்பரர், கொரான், புளூ ரிங் என்று கடைகளில் வழங்கும் மூன்றும் நம் மன்னார் வளைகுடாவிலேயே வாழ்கின்றன. இவை முழு வளர்ச்சியில் 40 முதல் 45 சென்டிமீட்டர் வரை, அதாவது ஒன்றேகால் அடியிலிருந்து ஒன்றரை அடி வரை வளரக்கூடியவை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திருநெல்வேலியில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்க்கிறேன். என் தந்தை கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிறர் வயலில் உழைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கடையில் ஒரு எம்பரர் மீனின் விலை, நம் கல்லூரிக்கு நான் கட்டும் ஓராண்டுக் கட்டணத்தைவிட அதிகம். அதை வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “என்ன விலை தம்பி?” என்பது. இரண்டாவது கேள்வி, “கொஞ்சம் குறைச்சுத் தரக்கூடாதா?” என்பது. “இது எவ்வளவு பெருசாகும்?” என்று கேட்டவரை இரண்டு ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

குஞ்சு வேறு, மீன் வேறு

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்த மீன் நம் கண்ணை ஏமாற்றுவதில் பெரிய சூரன். எம்பரர் மீனின் குஞ்சு கருநீல நிறத்தில், உடல் முழுவதும் வெள்ளை வளையங்கள் ஒன்றினுள் ஒன்றாகச் சுழன்று, வரைந்து வைத்த கோலம்போல் இருக்கும். வளர்ந்த மீனோ உடம்பெல்லாம் மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் ஓட, கண்ணில் முகமூடி கட்டியதுபோல் கறுப்புப் பட்டையோடு காட்சி தரும். இரண்டும் ஒன்றே என்று சொன்னால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். ஜெர்மானிய மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிளாக் 1787-இல் வளர்ந்த மீனுக்குச் சக்கரவர்த்தி என்று பெயர் சூட்டினார். அவர் மறைவுக்குப் பின் ஷ்னைடர் முடித்து வெளியிட்ட 1801-ஆம் ஆண்டு நூலில், இதன் குஞ்சு நிக்கோபார் தீவின் பெயரோடு தனி இனமாகப் பதிவாயிற்று. கற்றறிந்தவர்களே மயங்கிய இடத்தில், கடைக்கு வந்த அண்ணாச்சி மயங்குவதில் வியப்பென்ன?

ஆகவே என் முதல் கருத்து இதுதான்: தொட்டிக்கு மீனைத் தேர்ந்தெடுக்கும்போது கண்முன் நீந்தும் குஞ்சைப் பார்க்கக்கூடாது. அது ஆகப்போகும் மீனைத்தான் பார்க்க வேண்டும். நெல் விதைக்கிறவன் விதையின் அழகையா பார்க்கிறான்? கதிரையல்லவா கணக்குப் பார்க்கிறான்!

வீடு தாங்குமா?

ஒன்றேகால் அடி மீனுக்கு இரண்டடித் தொட்டி எப்படிப் போதும்? கடலில் இம்மீன் பாறைத் திட்டு ஒன்றைத் தன் எல்லையாக வகுத்துக்கொண்டு நாள் முழுதும் அதைச் சுற்றி வருவது. வீட்டில் குறைந்தது ஆறடி நீளமும், 700 லிட்டருக்குக் குறையாத நீரும் வேண்டும் என்பது அனுபவம் உள்ளவர்களின் கணக்கு. 700 லிட்டர் கடல்நீர் என்றால் நீர் மட்டுமே 700 கிலோவுக்கு மேல் எடை. கண்ணாடியும் பாறையும் இரும்புச் சட்டமும் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், முதல் முறை நிரப்பவே 24 கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும். அதன் பிறகு மாதந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நிரப்பிய அன்றே மீனை விடவும் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து பார்த்த நைட்ரஜன் சுழற்சி, இங்கே ஓர் உயிரின் தலைவிதி.

நம் ஊர்க் கோடையை எண்ணிப் பாருங்கள். இம்மீனுக்குத் தகுந்த வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் குளிரூட்டும் கருவி இல்லாமல் அந்த அளவில் நீரை வைக்க முடியாது. வளைகுடா நாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டில், வெளியூர் சென்றிருந்தபோது மின்சாரம் நின்று, ஒரே இரவில் தொட்டி முழுதும் செத்து மிதந்தது. மறுநாள் அதைச் சுத்தம் செய்யப் போனவன் நான். அந்தத் தொட்டியில் ஓர் ஏஞ்சலும் இருந்தது. ஆனையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் பெரியவர்கள் கேட்டதன் பொருள் அன்று எனக்கு விளங்கிற்று.

பவளமும் ஏஞ்சலும்

கடலில் இந்த மீன்கள் பெரும்பாலும் கடற்பஞ்சுகளையும், பாறையில் ஒட்டி வாழும் மெல்லுடல் உயிர்களையும், பாசியையும் கொறித்து வாழ்கின்றன. கொறிப்பது அவற்றின் பிறவிக் குணம். உயிருள்ள பவளம் வைத்த தொட்டியில் பெரிய ஏஞ்சலை விட்டால் என்ன ஆகும்? இன்று கொறிக்காத மீன் நாளை கொறிக்கும். ‘பவளப்பாறைத் தொட்டிக்குப் பெரிய ஏஞ்சல்’ என்று விளம்பரப்படுத்துவது, நெல் களத்துக்குக் கோழியைக் காவல் வைப்பது போன்றது.

இன்னொரு செய்தியும் உண்டு. பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். இது வீண் கண்டிப்பன்று. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. அத்தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல ஆண்டுகள் வெட்டியெடுத்தார்கள். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. வெட்டுவது போதாதென்று வெப்பமும் வந்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறின. இப்படி நொந்து கிடக்கும் பாறையிலிருந்து இன்னும் ஒரு துண்டை உடைத்து, நம் வீட்டு விளக்கின் கீழ் வைப்பது எந்த வகையில் அழகு?

வாங்கியே தீருவேன் என்பவருக்கு

இடமும் பொருளும் பொறுமையும் உள்ளவர் சிலர் இருக்கலாம். அவர்களுக்குச் சில சொற்கள். பவளம் இல்லாத, பாறை மட்டும் அடுக்கிய பெரிய தொட்டியே ஏஞ்சலுக்கு உகந்தது. மூன்று இனங்களில் புளூ ரிங், கொரான் இரண்டும் ஓரளவு தாக்குப்பிடிப்பவை. எம்பரர் இன்னும் கவனம் கேட்பது. கொரான் என்ற பெயர், வளரும் பருவத்தில் அதன் வாலில் தெரியும் கோடுகள் அரபு எழுத்துப்போல் தோன்றுவதால் வந்தது.

மிகச் சிறிய குஞ்சும் வேண்டாம், முழுதாய் வளர்ந்ததும் வேண்டாம். குஞ்சு பட்டினி தாங்காது. வளர்ந்தது தொட்டி உணவைத் தொடாது. 7 முதல் 10 சென்டிமீட்டர் உள்ளதே நல்லது. கடையில் உங்கள் கண்முன் அது உணவு உண்கிறதா என்று பாருங்கள். உண்ணாத மீனைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கண் தெளிவாக இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, முதுகுச் சதை வற்றியிருக்கிறதா என்று கவனியுங்கள். இக்குடும்பத்தின் அடையாளமே செவுள் மூடிக்குக் கீழ் நீட்டி நிற்கும் முள். வலையில் அது சிக்கி மீன் காயப்படும் என்பதால், டப்பாவில் நீரோடு முகந்து எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெண்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை அந்தத் தனித் தொட்டியிலேயே கொடுக்க வேண்டும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குத் தாமிரம் நஞ்சு. தொட்டிக்கு ஒரே பெரிய ஏஞ்சல்தான் விடலாம். அதுவும் மற்ற மீன்களெல்லாம் குடியேறிய பிறகே விட வேண்டும். சுருள்பாசியும் கடற்பஞ்சும் கலந்த உணவு வேண்டும். நன்றாகப் பேணினால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இன்று பள்ளியில் சேரும் பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை அதே மீனுக்கு உணவு போட வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

இவ்வளவும் இயலாதவர்கள், அதாவது என் கணிப்பில் நம்மில் பெரும்பாலோர், கோமாளி மீனை வாங்கலாம். அது பாறையில் முட்டையிட்டுத் தாயும் தந்தையும் காவல் காக்கும் இனம். ஒரு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில் இதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையைக் கண்டு பயிற்சியும் அளித்துள்ளார்கள். ஏஞ்சலின் முட்டையோ கடல் நீரில் மிதந்து போவது. அதன் குஞ்சுக்கு வாயளவுக்குத் தகுந்த உணவு கொடுப்பதே பெரும்பாடு. தைவானிலும் பாலித் தீவிலும் சில பண்ணைகள் இதில் வென்றிருக்கின்றன என்றாலும், கடைகளுக்கு வரும் பெரிய ஏஞ்சல்கள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவையே.

இரண்டு மறுப்புகள்

“மீனவன் பிழைப்பில் மண்ணைப் போடலாமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாறையில் முழுகிப் பிடிப்பவனுக்குக் கிடைப்பது சிறு கூலி. வழியில் இறக்கும் மீனுக்கு அதுவும் இல்லை. அதே குடும்பத்துக்குக் கோமாளி மீன் வளர்க்கக் கற்றுக்கொடுத்தால் பிழைப்பும் நிற்கும், பாறையும் நிற்கும்.

“பணக்காரன் தொட்டியைப் பற்றி உனக்கென்ன கவலை?” என்று இன்னொருவர் கேட்டார். நம் ஊர் வழியே ஓடும் தாமிரபரணி புன்னைக்காயலில் கலப்பது அந்த மன்னார் வளைகுடாவில்தான். எங்கள் வயலைத் தொட்ட நீர் சேரும் கடலைப் பற்றிக் கவலைப்பட எனக்கு உரிமை இல்லையா? மேலும், மீன் உணவு டப்பாவிலும் மருந்துக் குப்பியிலும் எல்லாம் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. வாங்குகிறவர் அதைப் படிப்பதில்லை. விற்கிறவர் சொல்வதில்லை. படித்துச் சொல்லத் தெரிந்த நானும் வாய் மூடி நின்றால், என் தந்தை வெயிலில் நின்று என்னைப் படிக்க வைத்ததற்கு என்ன பொருள்? உண்மையைச் சொன்னதால் சில நாள் விற்பனை கெட்டது உண்டு. கடைக்காரர் முகம் சுளித்ததும் உண்டு. அது அவர் வயிற்றுப் பாடு என்பது எனக்குத் தெரியும். ஆனால் இறந்த மீனைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிற வாடிக்கையாளர் மறுமுறை அக்கடைக்கு வரமாட்டார் என்பதும் வியாபாரக் கணக்குத்தானே!

2017-இல் மத்திய அரசு வண்ணமீன் கடைகளுக்கு விதிகள் வகுத்து, ஏஞ்சல் உட்படப் பல கடல் மீன்களின் விற்பனையைத் தடுக்க முயன்றது. பின்னர் அவ்விதிகள் திரும்பப் பெறப்பட்டன. சட்டம் வரும், போகும். சட்டத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. கடல் மீன் விற்கும் ஒவ்வொரு தொட்டியின் மேலும் தமிழில் நான்கு வரி எழுதி ஒட்ட வேண்டும்: மீனின் பெயர், முழு வளர்ச்சி அளவு, உணவு, கடலில் பிடித்ததா பண்ணையில் பொரித்ததா என்பது. நம் விலங்கியல் துறை மாணவர்கள் பேராசிரியர்களின் வழிகாட்டுதலில் இந்த அட்டைகளை எழுதித் திருநெல்வேலிக் கடைகளுக்குக் கொடுக்கலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை. ஒரு கட்டுத் தாளும் ஒரு விடுமுறை நாளும் போதும்.

நண்பர்களே, அழகை விரும்புவது குற்றமன்று. அழகு எதைத் தின்று, எங்கே வளர்ந்து, எவ்வளவு நாள் வாழும் என்று கேட்காமல் விரும்புவதே குற்றம். விலையைக் கேட்குமுன் வளர்ச்சியைக் கேட்போம். நம் வீடு தாங்காது என்று தெரிந்தால், சக்கரவர்த்தியை அவர் ஆளும் கடலிலேயே விட்டுவைப்போம்.