சம்பள நாளில் அரை நிமிடம்!

மதுக்கடை வேண்டாம் என்று பெண்கள் தெருவில் இறங்கிய ஊர் சாமளாபுரம்.

திருப்பூர் மாவட்டத்தில், நொய்யல் ஆற்றை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். விசைத்தறி ஓசை கேட்கும் ஊர். 2017-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி இங்கே சாலை மறியல் நடந்தது. போலீசார் தடியடி நடத்தினார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். அந்தக் காட்சியை நாடே பார்த்தது.

மறியலுக்குக் காரணம் என்ன? நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை இருக்கக்கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சாலையோரக் கடைகள் மூடப்பட்டன. பதிலுக்கு ஊருக்குள் கடை திறக்கும் முயற்சி பல இடங்களில் நடந்தது. அதைத்தான் பெண்கள் எதிர்த்தார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. பனியன் கம்பெனியிலும் தறிப்பட்டறையிலும் வாரச் சம்பளம் வழக்கம். சனிக்கிழமை மாலை பணம் கைக்கு வருகிறது. வீட்டுக்கு வந்தால் அது அரிசி, வாடகை, பிள்ளையின் நோட்டுப் புத்தகம். வழியில் நின்றுவிட்டால்?

கடை தூரமாக இருப்பது நல்லதுதான். ஆனால் பஸ் ஏறிப் போய்க் குடிப்பவரும் உண்டு. ஆகவே கடையை எதிர்த்தால் மட்டும் போதாது. குடிப்பவரின் மனதோடும் பேச வேண்டும். அதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. அதில் ஊசி இல்லை, கத்தி இல்லை. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவதே வைத்தியம்!

நினைப்பைப் பிடி!

1960-களில் அமெரிக்க டாக்டர் ஆரோன் பெக் ஓர் உண்மையைக் கண்டார். மனம் சோர்ந்தவர்களுக்குள் தவறான நினைப்புகள் தாமாகவே ஓடுகின்றன. அவற்றைப் பிடித்து, ‘இது சரிதானா?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார். சோர்வு குறைந்தது. இப்படிப் பிறந்ததுதான் அறிதல்-நடத்தைச் சிகிச்சை. நினைப்பைத் திருத்தினால் நடத்தை திருந்தும் என்பது இதன் சாரம்.

இதைக் கூட்டமாகவும் செய்யலாம். சிகாகோ நகரில் 2001-ல் ‘பிகமிங் எ மேன்’ என்ற திட்டம் தொடங்கியது. ஏழை வட்டாரப் பள்ளி மாணவர்களுக்கானது. முதல் பாடம் ஒரு விளையாட்டு. ஒரு பையன் கையில் பந்து. இன்னொருவன் 30 விநாடிக்குள் அதை வாங்க வேண்டும். உடனே முறுக்கு, இழுபறி, மல்லுக்கட்டு! முடிந்ததும் ஆசிரியர் கேட்பார்: “பந்தைக் கொடு என்று ஒருவராவது கேட்டீர்களா?”

யாருக்கும் தோன்றியிருக்காது! சட்டென்று செய்வதற்கும் நின்று யோசித்துச் செய்வதற்கும் உள்ள வேற்றுமை அப்போது விளங்கும். இந்தத் திட்டத்தில் சேர்ந்த மாணவர்கள், அது நடந்த காலத்தில், வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் குறைந்தது என்று ஆய்வு காட்டியது.

கால் யாருடையது?

மதுவுக்கும் இந்த முறை பயன்படுகிறது. ஒரு தறித் தொழிலாளியை நினைத்துக்கொள்வோம். “மேஸ்திரி திட்டினார், அதனால் குடித்தேன்” என்கிறார். பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார்: “மேஸ்திரி திட்டினார், சரிங்க. கடைக்கு நடந்து போன கால் யாருடையதுங்க?”

இதையே மனைவி கேட்டால் சண்டை வரும். தன்னைப்போலவே குடித்துக் கெட்டவர் கேட்டால் சிரிப்பு வரும். பிறகு சிந்தனை வரும். கூட்டத்தின் பலம் இதுதான்.

பொறுப்பு வேறு, பழி வேறு. ‘நான் உருப்படாதவன்’ என்பது பழி. அது மறுபடி குடிக்கத்தான் சொல்லும். ‘போனது என் முடிவு, அடுத்த முடிவும் என்னுடையதே’ என்பது பொறுப்பு.

பிறகு சனிக்கிழமைக்குத் திட்டம் போடுகிறார்கள். சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வெளியே போவது. கடை இல்லாத தெரு வழியாக நடப்பது. வயிறு நிறையச் சாப்பிடுவது. ஆசை அலைபோல எழும். சற்றுத் தாக்குப்பிடித்தால் அடங்கும். அடுத்த வாரம் கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். தவறினாலும் வந்து சொல்ல வேண்டும்.

நம் நாட்டு அனுபவம்

கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரில் 1980-ல் சென்னையில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்த நிலையம் 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் 15 நாள் முகாம்கள் நடத்தியது. ஆஸ்பத்திரியைத் தேடி ஊர் போகவில்லை. ஊரைத் தேடி வைத்தியம் வந்தது! குழுப் பேச்சு உண்டு. குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு.

பேச்சு மட்டும் போதுமா? ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டில் 999 ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். 8 வாரம் குழுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் பலன் மங்கியது. பயிற்சியோடு 200 டாலரும் பெற்றவர்களிடம் நிலைத்தது. பத்து ஆண்டு கழித்தும் களவு, அடிதடி போன்றவை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. மனம் திருந்தினால் மட்டும் போதாது. வாழ்வுக்கும் ஊன்றுகோல் வேண்டும் என்பதே பாடம்.

ஆகவே குடிப்பவரிடம் பொறுப்பு கேட்பது சரி. அதைச் சொல்லி அரசாங்கம் தன் பொறுப்பிலிருந்து நழுவக்கூடாது. கடையைத் திறக்க இடம் தேடும் அரசு, வட்டமாக உட்காரவும் இடம் தேட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. குடிப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருப்பவரும் கூப்பிடலாம்.