கண்ணால் காண்பதும் பொய்!

 

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று பெரியவங்க சொல்வாங்க. இதுக்குப் பெரிய சாட்சி தெரேசியன்ஸ்டாட் என்ற ஊர் என்பது என் கருத்து.

இந்த ஊர் இன்றைய செக் நாட்டில் உள்ளது. சுற்றிலும் கோட்டைச் சுவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 நவம்பரில், ஹிட்லரின் நாஜிகள் இதை யூதர்களை அடைக்கும் முகாமாக மாற்றினார்கள். போர் முடிவதற்குள் சுமார் 1,40,000 பேரை இங்கே கொண்டுவந்தார்கள். பசியிலும் நோயிலும் இங்கேயே இறந்தவர்கள் சுமார் 33,000 பேர். சுமார் 88,000 பேரை ரயிலில் ஏற்றி ஆஷ்விட்ஸ் போன்ற கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பிழைத்தவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

1944 ஜூன் 23-ஆம் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தார் இந்த முகாமைப் பார்வையிட வந்தார்கள். அதுக்கு முன்னாடியே நாஜிகள் வீடுகளுக்கு வர்ணம் அடிச்சு, பூச்செடி நட்டு, கடையெல்லாம் திறந்து வெச்சுட்டாங்க. கூட்டம் தெரியக்கூடாது என்று மே மாதமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிட்டாங்க. அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவே தடை. ஆனால் அன்றைக்கு ஒரு கட்டடத்தில் 'ஆண்கள் பள்ளி' என்று பலகை. கூடவே 'விடுமுறை' என்று இன்னொரு பலகை! வந்தவர்கள் காட்டிய வழியில் நடந்து, காட்டியதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி, நல்லபடியாகவே அறிக்கை எழுதினார்.

'பாவம், அவரை ஏமாத்திட்டாங்க, அவர் என்ன செய்வார்?' என்று சிலர் கேட்கலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் விருந்துக்கு வந்தவர் இல்லை, விசாரிக்க வந்தவர். 1979-ல் ஒரு படத்துக்காகப் பேட்டி எடுத்தபோதும் அவர் தன் அறிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

அதே ஊரில் அடைபட்டுக் கிடந்த பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1942 முதல் 1944 வரை 'வெடெம்' என்ற வார இதழை ரகசியமாக நடத்தினார்கள். பெரும்பாலும் கையெழுத்துதான். ஒரே ஒரு பிரதி. வெள்ளிக்கிழமை இரவு எல்லாரும் கூடி உட்கார்ந்து வாசிப்பார்கள். அதன் ஆசிரியர் பெட்ர் கின்ஸ். முகாமுக்கு வந்தபோது அவனுக்கு வயசு 14, என் வயசுதான். அவன் ஊரைச் சுற்றி வந்து, ரொட்டி சுடும் இடம், பிணம் எரிக்கும் இடம் என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினான். 1944-ல், 16 வயதில், அவனை ஆஷ்விட்ஸில் கொன்னுட்டாங்க. ஆனால் சுமார் 800 பக்கங்களை இன்னொரு பையன் ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தினான். பெட்ர் வரைந்த நிலாப் படத்தின் நகல், 2003-ல் நம் கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா விண்கலத்தில்கூடப் போனது.

பெரிய அதிகாரி எழுதினது பொய்யாப் போச்சு. சின்னப் பையன்கள் எழுதினது இன்னிக்கும் சாட்சியா இருக்கு. அதனால் எந்த இடத்தைப் பார்வையிடப் போகிறவர்களும் பலகையைப் படிச்சுட்டுத் திரும்பக்கூடாது. அங்கே இருக்கும் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

நம்முடைய சுவரிதழும் கையெழுத்து இதழ்தானே! இதில் அழகாக எழுதுவதைவிட உண்மையாக எழுதுவோம்.

தீர விசாரிப்போம்! மெய்யை எழுதுவோம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி