வேர் என்றால் யாருடைய வேர்?

‘இசைக்குச் சாதி கிடையாது, நிறம் கிடையாது’ என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒன்றே ஒன்று கேட்கத் தோன்றும்: அப்புறம் ஏன்யா பறைக்கு மட்டும் சாதி இருக்கு? ஊரில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் அனுப்பி, ‘வந்து அடிச்சிட்டுப் போங்கடா’ என்று சொன்ன ஊர் எங்கள் ஊர். எங்கப்பா ஒருநாள் ‘இனிமே அடிக்க முடியாது’ன்னு சொல்லிப் பறையைப் பரண்மேல் போட்டார். அதற்குப் பிறகு ஊரில் அவருக்குக் கூலி வேலை இல்லை. நானும் அந்தப் பறையைத் தொட்டதில்லை. ‘அது நம் அடிமைச் சீட்டு’ என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இன்று அந்தப் பேச்சோடு நானே மோத வேண்டியிருக்கிறது. காரணம், அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் இசைத் தொகுப்பு.

ரியானன் கிடன்ஸ், 1977இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பாடகி. பாட்டெழுதுகிறவர், பாஞ்சோ வாசிக்கிறவர். பிடில் கலைஞர் ஜஸ்டின் ராபின்சனோடு சேர்ந்து 2025 ஏப்ரலில் இந்தத் தொகுப்பை வெளியிட்டார். ஒரு பாஞ்சோ, ஒரு பிடில், அவ்வளவுதான். ஸ்டுடியோ கிடையாது. தங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜோ தாம்சன் வீட்டிலும், எட்டா பேக்கர் என்ற கிதார் கலைஞரின் வீட்டிலும், அடிமை முறைக் காலத்துப் பண்ணை மாளிகை ஒன்றிலும் வெட்டவெளியில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். சில்வண்டுச் சத்தம் கூடவே கேட்கிறது.

இதில் என்ன அரசியல் என்று கேட்கலாம். பாஞ்சோ என்றாலே மலைநாட்டு வெள்ளைக்காரன் வாத்தியம் என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. சுத்தப் பொய். சுரைக்குடுக்கையில் தோல் கட்டிய மேற்கு ஆப்பிரிக்க வாத்தியங்களின் வாரிசு அது. சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் கொண்டுவந்த அறிவு. நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த தாமஸ் ஜெபர்சனே, 1780களில் வர்ஜீனியா பற்றி எழுதிய நூலில் இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிறகு திருட்டு நடந்தது. 1840களில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலி செய்யும் மின்ஸ்ட்ரல் கூத்துகளில் பாஞ்சோவை மேடையேற்றினார்கள். வாத்தியம் வேணும், வாசிச்சவன் வேணாம். அந்த அவமானமும் சேர்ந்துதான் கறுப்பர்களே அதை மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். 1920களில் ரெக்கார்டு கம்பெனிகள் வந்தன. கறுப்பர் பாடினால் ‘ரேஸ் ரெக்கார்ட்’, வெள்ளையர் பாடினால் ‘ஹில்பில்லி’. ஒரே வட்டாரம், ஒரே பாட்டு, இரண்டு பெட்டி. நம்ம ஊர் டீக்கடை இரட்டைக் குவளையேதான். அந்த ‘ஹில்பில்லி’தான் பிற்பாடு ‘கன்ட்ரி’ என்று பேர் மாற்றிக்கொண்டது.

கன்ட்ரி இசையின் முதல் குடும்பம் என்று கார்ட்டர் குடும்பத்தைக் கொண்டாடுகிறார்கள். ஏ.பி. கார்ட்டரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர். கார்ட்டர் வார்த்தையை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனசில் ஏற்றிக்கொள்வார். பாட்டுகளின் உரிமையில் பதிவானதோ கார்ட்டர் பெயர். நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி மேடையின் ஆரம்பகால நட்சத்திரம் டிபோர்ட் பெய்லி, மௌத் ஆர்கன் கலைஞர், கறுப்பர். 1941இல் வெளியே தள்ளினார்கள். ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்து 1982இல் செத்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005இல். செத்து 23 வருஷம் கழிச்சு மரியாதை!

அதே 2005இல்தான், கறுப்பின பாஞ்சோ கலைஞர்களுக்காக வட கரோலினாவில் நடந்த கூடுகையில் கிடன்ஸும் ராபின்சனும் சந்தித்தார்கள். எண்பது வயதைத் தாண்டியிருந்த பிடில் கலைஞர் ஜோ தாம்சன் வீட்டுக்கு வாராவாரம் போய்க் கற்றார்கள். அவர் 2012இல் இறந்தார். ஆப்பரா படித்த கிடன்ஸ், ஓர் அடிமையின் வாழ்க்கையை ஆப்பராவாக்கி 2023இல் புலிட்சர் பரிசையும் பகிர்ந்துகொண்டவர். அந்தப் பரிசுக்குப் பிறகும் திரும்பிப் போய் உட்கார்ந்தது கிழவர் வீட்டு வாசலில். யாரிடமிருந்து வந்தது, எந்த மண்ணிலிருந்து வந்தது என்று பேர் சொல்லித்தான் வாசிக்கிறார்.

இங்கே என்ன நடக்கிறது? பறை ‘தமிழர் ஆதி இசை’ ஆகிவிட்டது. கல்லூரி விழாவில் அடிக்கிறார்கள், சினிமாவில் அடிக்கிறார்கள். நல்லது, அடிக்கட்டும். ஆனால் யார் கையிலிருந்து வாங்கினாய் என்று கேட்டால் ‘தமிழன்’ என்கிறான். பறை பொதுவாயிடுச்சாம். சாவுக்கு அடிக்கிற ஆளு மட்டும் இன்னும் பொதுவாகலை.

‘அழியும் கலையைக் காப்பாத்துங்க’ என்று நமக்கு உபதேசம் செய்ய எவனுக்கும் யோக்கியதை இல்லை. எங்கப்பா மறுத்தது சரி. மறுக்கிற உரிமைதான் முதல் உரிமை. ஆனால் தோழர்களே, அவர் மறுத்தது ஊழியத்தை. அதோடு சேர்த்து ஓசையையும் பரணில் போட்டது நான். நாம் காலி செய்த இடத்தில் வேறொருவன் வந்து உட்கார்ந்து, தாத்தா சொத்து என்கிறான். பாஞ்சோவுக்கு நடந்தது அதுதான்.

1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பேரை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பர்களிடம் கற்பது நமக்குப் புதுசில்லை. இப்போது கற்க வேண்டியது, வாத்தியக்காரர்களின் பேரை எழுதி வைப்பது. உங்கள் சேரியில் மிச்சமிருக்கிற கிழவர்களிடம் போங்கள். என்னென்ன அடி, யார் கற்றுக்கொடுத்தது, எந்த வருஷம் அடிக்க மறுத்தார்கள், மறுத்ததற்கு ஊர் என்ன செய்தது, எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். மறுப்பும் அந்த இசையின் வரலாறுதான்.

போன வாரம் பரணில் ஏறினேன். தோல் கிழிந்து கிடக்கிறது. கட்டை நல்லாத்தான் இருக்கு.