கரண்டு பில்லைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்!

சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்து வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. கடைக் கடன் இவ்வளவு, தவணை இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளி பஸ் இவ்வளவு என்று எண்ணி வைத்துவிட்டு, கடைசியாக அந்தத் தாளைக் கையில் எடுப்பார்கள். "போன மாசம் அறுபதுக்குள்ள வந்துச்சு, இந்த மாசம் நூத்தி இருபத்தோரு வெள்ளியா? யாருடா இந்த வீட்ல லைட்டை அணைக்காம போறது?" என்று அப்பா சத்தம் போடுவார். படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஓடிப் போய் விளக்கை அணைப்பான். புத்தகமும் அதோடு மூடப்படும்.

குற்றம் செய்தது ஒருவன், தண்டனை அடைந்தது இன்னொருவன்! இன்று நாம் சொல்ல வருவது இதைத்தான். பில்லைக் கண்டு கோபப்படுகிறோமே தவிர, அதைப் படித்துப் பார்ப்பதில்லை. காசை விழுங்கும் சாமான் எது, காசே கேட்காத சாமான் எது என்று தெரியாமல் ஒன்றுக்கு மற்றொன்றைத் திட்டுகிறோம்.

நம் பெரியவர்களுக்குப் பழைய கதை ஞாபகம் இருக்கும். தோட்டத்து லயங்களில் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். பிறகு பல தோட்டங்களில் இஞ்சின் லைட் வந்தது. பொழுது சாய்ந்தால் இஞ்சின் ஓடும், இரவு பத்து மணி வாக்கில் நின்றுவிடும். அதற்கு மேல் இருட்டுதான். 1949இல் தோன்றிய மத்திய மின்சார வாரியம் 1965இல் தேசிய மின்சார வாரியமாகப் பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனலாக உருவெடுத்தது. அதே 1990ஆம் ஆண்டில் வந்த 446ஆம் சட்டம், தோட்ட நிர்வாகம் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் கொடுத்தாக வேண்டும் என்று விதித்தது. இருபத்து நாலு மணி நேரமும் கரண்டு என்பது நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. கிடைத்ததைக் கணக்கோடு பயன்படுத்த வேண்டாமா?

யூனிட் என்றால் என்ன?

சாமான் வாங்கும்போது அதன் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். அதில் இத்தனை வாட் என்று போட்டிருக்கும். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு யூனிட். அவ்வளவுதான் சூட்சுமம். நூறு வாட் சாமான் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். ஆகவே எத்தனை வாட் என்பது மட்டும் போதாது, எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 70 வாட் காற்றாடி மூன்று, நாளுக்குப் பத்து மணி நேரம் சுற்றினால் மாதம் 63 யூனிட். ஐஸ் பெட்டி நாளுக்குச் சுமார் 1.2 யூனிட் வீதம் 36 யூனிட். பழைய வகை நீளக்குழல் விளக்கு நான்கு, ஒவ்வொன்றும் சோக்கோடு 45 வாட் என்றால், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு 27 யூனிட். சோறு பொங்கும் குக்கர் 12 யூனிட். பொங்கிய சோற்றைப் பத்து மணி நேரம் சூடாக வைத்திருக்க மேலும் 12 யூனிட். இஸ்திரிப் பெட்டி தினம் அரை மணி நேரத்துக்கு 15 யூனிட். டிவிக்கு 14, துணி துவைக்கும் மெஷினுக்கு 6. ஆக மொத்தம் 185 யூனிட்.

இப்போது குளியலறையில் சுடுநீர் ஹீட்டர் மாட்டுகிறோம். அது 3,600 வாட். நாலு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் மாதம் 72 யூனிட். மூன்று காற்றாடியையும் ஒரே ஹீட்டர் மிஞ்சிவிட்டது! மொத்தம் 257 ஆகிறது. அடுத்து, தவணைக்கு ஒரு ஏர்கோன் வாங்கி மாட்டுகிறோம். ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்து யூனிட் வரை இழுக்கும். மாதம் 150. மொத்தம் 407.

விலையில் உள்ள படிக்கட்டு

1.7.2025 முதல் தீபகற்ப மலேசியாவில் வீட்டுக் கட்டணம் மாறியிருக்கிறது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்தி 27.03 காசு, கொள்திறன் 4.55 காசு, கம்பி வழிக் கட்டணம் 12.85 காசு; ஆக ஒரு யூனிட்டுக்கு 44.43 காசு. இதைக் கேட்டதும் "ஐயோ" என்று தலையில் கை வைக்க வேண்டாம். சிக்கனமாக இருப்பவருக்கு ஒரு கழிவு உண்டு. அந்தக் கழிவுதான் இந்தக் கணக்கின் உயிர்நாடி.

200 யூனிட் வரை பயன்படுத்தினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 25 காசு கழிவு. 250 வரை 24.5 காசு. 300 வரை 22.5 காசு. 350 வரை 21 காசு. 400 வரை 17 காசு. 450 வரை 14.5 காசு. இப்படிப் படிப்படியாகக் குறைந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் கழிவே இல்லை. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு படி ஏறினால், ஏறிய அந்தக் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் கழிவு குறைவதில்லை; முதல் யூனிட்டிலிருந்து அத்தனைக்கும் குறைந்துவிடுகிறது.

நம் குடும்பத்துக்கு வருவோம். 185 யூனிட்டுக்கு வெள்ளி 35.95. ஹீட்டரோடு 257 யூனிட்டுக்கு வெள்ளி 56.36. ஏர்கோனோடு 407 யூனிட்டுக்கு வெள்ளி 121.82. இதில் 300 யூனிட்டைத் தாண்டியவர்கள் கட்டும் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க சக்தி நிதியை நாம் சேர்க்கவில்லை. ஏர்கோன் ஒன்றுக்காக மட்டும் மாதம் 65 வெள்ளிக்கு மேல் போகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. விடியுமுன் எழுந்து, செம்பனைக் குலையைத் தள்ளி, வேர்வை சிந்திய ஒரு முழு நாள், சுவரில் தொங்கும் அந்தப் பெட்டிக்குப் போகிறது! வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தெரிந்து கொடுப்போம் என்கிறோம்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். ஒரு வீட்டில் 360 யூனிட் ஓடுகிறது. பில் வெள்ளி 98.75. அதே வீட்டில் குக்கரின் சூடு காக்கும் பொத்தானை மட்டும் அணைத்து 12 யூனிட்டை மிச்சம் பிடித்தால் 348 யூனிட். பில் வெள்ளி 81.54. பன்னிரண்டே யூனிட்டுக்குப் பதினேழு வெள்ளி மிச்சம்! காரணம், 350 என்ற படிக்குக் கீழே இறங்கிவிட்டோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தானோ?

அதே போல் 600 யூனிட் ஒரு பெரிய மேடு. அதைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் வந்து சேரும். எரிபொருள் விலைக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் கட்டணமும் அப்போதுதான் நம்மைத் தொடும். நம் ஜொகூரில் தஞ்சோங் பின் நிலையத்தில் எரிப்பது கப்பலில் வரும் நிலக்கரி. வெளியூர் விலை ஏறினால் அந்தச் சூடு பெரிய பில்காரர்களை முதலில் சுடும்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, பில்லைப் படிப்பது. மலாயில் போட்டிருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். 'டஹுலு' என்பது போன தடவை மீட்டர் எண். 'செமாசா' என்பது இந்தத் தடவை எண். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 'கெகுனாஆன்', அதாவது நாம் எரித்த யூனிட். 'துங்காக்கான்' என்று தொகை இருந்தால் அது பழைய பாக்கி. இந்த மாதச் செலவல்ல. 'அங்காரான்' என்று போட்டிருந்தால் மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போட்டது என்று அர்த்தம். அப்போது நீங்களே மீட்டரைப் பார்த்து எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்து வாரம் ஒரு முறை மீட்டர் எண்ணை எழுதுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கணக்கும் வரும், பொறுப்பும் வரும். ஒரு நாள் எல்லாச் சாமான்களையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது வேறு எங்கோ கம்பி போகிறது. உடனே லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட வேண்டும். நாமே கம்பியில் கை வைக்கக் கூடாது.

மூன்றாவது, பெரிய திருடனை முதலில் பிடிப்பது. ஏர்கோனை எட்டு மணி நேரத்துக்குப் பதில் ஐந்து மணி நேரம் வைத்து, மிச்சத்துக்குக் காற்றாடியைப் போடுங்கள்: 55 யூனிட் குறையும். ஹீட்டரில் பத்து நிமிடத்தை ஐந்தாக்குங்கள்: 36 குறையும். சோற்றைச் சூடு காக்க விடாமல், வேண்டும்போது அடுப்பில் சுட வையுங்கள்: 12 குறையும். பழைய குழல் விளக்கு நான்கையும் 18 வாட் எல்இடி விளக்காக மாற்றுங்கள்: 16 குறையும். 407 யூனிட் 288 ஆகிறது. பில் வெள்ளி 121.82இலிருந்து 63.16க்கு இறங்குகிறது. எந்தச் சாமானையும் தூக்கிப் போடாமலே ஐம்பத்தெட்டு வெள்ளிக்கு மேல் மிச்சம்.

ஐஸ் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். முதுகுச் சூடு வெளியேற இடம் வேண்டும். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் சுலபமாக வந்துவிட்டால் குளிரும் அப்படியே வெளியே போகிறது, ரப்பரை மாற்றுங்கள். சூடான குழம்புச் சட்டியை உள்ளே வைக்காதீர்கள். இஸ்திரியை வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாகப் போடுங்கள். புதிதாக வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள்; ஐந்து நட்சத்திரம்தான் அதிகச் சிக்கனம். விலை மலிவு என்று பழைய ஐஸ் பெட்டியை வாங்கிவிட்டு, மாதா மாதம் அதன் விலையைப் பில்லில் கட்ட வேண்டாம்.

"இந்தப் பெட்டியை பிளக்குல சொருகுங்கண்ணே, பில்லு பாதியா கொறையும்" என்று வீடு தேடி வருகிறவர்களையும் நம்ப வேண்டாம். வீட்டு மீட்டர் உண்மையில் எரிந்த சக்தியைத்தான் அளக்கிறது. பிளக்கில் சொருகும் பெட்டி அதைக் குறைக்காது. மீட்டரைத் திருத்தித் தருகிறேன் என்று வருகிறவனோ அதைவிட ஆபத்து. அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் உலை.

நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை

சொந்த மீட்டர் இல்லாமல், தோட்டத்து மீட்டரிலிருந்து கரண்டு எடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் இடங்களில் இருப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் படிக்கப் பில்லே இல்லை. சம்பளச் சீட்டில் ஒரு தொகை மட்டும் இருக்கும். எத்தனை யூனிட், யூனிட் என்ன விலை, போன மாத எண் என்ன, இந்த மாத எண் என்ன என்ற நாலு கேள்விக்கும் பதில் எழுதிக் கொடுக்க வேண்டியது நியாயம். சம்பளத்தில் நினைத்தபடி கை வைக்க 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இடம் தரவில்லை. ஆகவே கிராணியிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள். அதற்கும் மேல் தொழிலாளர் இலாகா இருக்கிறது. கணக்குக் கேட்பது சண்டையல்ல, அது உரிமை. நிர்வாகத்தினரும் மீட்டர் எண்ணைப் பலகையில் எழுதிப் போட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கடைசியாக, அந்தப் பிள்ளையின் விளக்குக்கு வருவோம். 18 வாட் எல்இடி விளக்கு தினம் நாலு மணி நேரம், மாதம் முப்பது நாளும் எரிந்தால் இரண்டு யூனிட்டுக்குச் சற்று அதிகம். முதல் படியில் இருக்கும் வீட்டுக்கு அதன் விலை 42 காசு. சாமி மேடையில் இரவும் பகலும் எரியும் 5 வாட் சிவப்பு விளக்குக்கு 70 காசு. இவற்றை அணைத்து யாரும் பணக்காரர் ஆகப் போவதில்லை.

ஆகவே தோட்டத்துப் பெற்றோரே! ஹீட்டரைக் குறையுங்கள், ஏர்கோனை அளந்து போடுங்கள், குக்கர் பொத்தானை அணையுங்கள். பிள்ளை படிக்கிற விளக்கை மட்டும் அணைக்காதீர்கள். "நீ படிடா தம்பி, லைட்டு எரியட்டும்" என்று சொல்லுங்கள். லயத்தை விட்டு வெளியேறும் வழி அந்த வெளிச்சத்தில்தான் தெரிகிறது.