கடை வாசல் திறந்திருக்கிறதா?



வீட்டிலிருந்தே அபாயா தைத்து விற்கும் நீங்கள் இணையத்தளம் அமைக்கப் போகிறீர்களா? அது அலங்காரப் பந்தலல்ல, கடை வாசல் என்பதை மனதிற் கொள்ளுங்கள்.

வியாபாரிகள் பலர் விலையை மறைத்து, 'தொடர்புகொள்ளவும்' என்று மட்டும் எழுதுகிறார்கள். தொலைபேசி இலக்கத்தையோ மூலையில் ஒளிக்கிறார்கள். பாரமான படங்களை நிரப்புகிறார்கள். அவை திறக்குமுன் வாடிக்கையாளர் போய்விடுகிறார். விபரங்களைப் படத்துக்குள்ளேயே எழுதுகிறார்கள். பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளுக்கு அவை பெரும்பாலும் எட்டுவதில்லை. கைத்தொலைபேசியில் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா என்றும் பார்ப்பதில்லை. கைத்தொலைபேசித் தேடலில் அதற்கேற்ற பக்கங்களுக்கு முன்னிடம் தரும் முறையைக் கூகுள் 2015 ஏப்ரலிலேயே கொண்டுவந்துவிட்டது.

தளம் தயாரானதும் உங்கள் உம்மாவின் கையில் தொலைபேசியைக் கொடுங்கள். யாருடைய உதவியுமின்றி விலையையும் இலக்கத்தையும் அவர் கண்டுபிடித்தால் வாசல் திறந்திருக்கிறது. இல்லையேல், பூட்டிய கடைக்கே வாடகை கட்டுகிறீர்கள்.