மாநாடு சாத்தூரில் நடக்கட்டும்!

பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவில் எடுக்கிறார்கள்.

பூமிக்கு அடியில், வெகு ஆழத்தில், "ஷேல்" என்ற பாறை இருக்கிறது. சேறு பல கோடி ஆண்டுகள் அமுங்கிக் கிடந்து, ஏடு ஏடாக இறுகிப் பாறை ஆனது. அந்த ஏடுகளுக்கு நடுவே எரிவாயு அடைபட்டுக் கிடக்கிறது. சாதாரணக் கிணறு தோண்டினால் அது வெளியே வராது. பாறை விடாது.

ஆகவே, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழாயை இறக்குகிறார்கள். பிறகு அதைப் படுக்கை வசமாகத் திருப்புகிறார்கள். தண்ணீர், மணல், ரசாயனம் மூன்றையும் கலந்து, பயங்கர அழுத்தத்தில் உள்ளே செலுத்துகிறார்கள். பாறை விரிசல் விடுகிறது. விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்கிறது. வாயு மேலே கிளம்பி வருகிறது.

டெக்சாஸ் நாட்டுப்புறத்தில் ஜார்ஜ் மிட்சல் என்பவர் இதற்காகப் பல ஆண்டுகள் பாறையோடு மல்லுக்கட்டினார். 1990-களின் கடைசியில் வழி பிறந்தது. இன்று உலகிலேயே அதிக எரிவாயு எடுக்கும் நாடு அமெரிக்காதான்.

யானையா, ஆட்டுக்குட்டியா?

இந்தியாவுக்கும் ஆசை வந்தது. அதில் தவறு இல்லை. இந்தியாவில் செலவாகும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி, கப்பலில் வருகிறது. அடுப்படிச் சிலிண்டரில் இருப்பது வேறு வாயு. அதிலும் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்குதான்.

2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில் துர்காபூருக்குப் பக்கத்தில் இச்சாப்பூரில், ஷேல் பாறையில் வாயு இருப்பதை ஓ.என்.ஜி.சி. கண்டது. 2013-ல் சர்க்கார் கம்பெனிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2018-ல் தனியாருக்கும் கதவு திறந்தது. ஆனாலும் வியாபார அளவில் இதுவரை வாயு வரவில்லை.

எவ்வளவு வாயு இருக்கிறது? இங்கேதான் வேடிக்கை. அமெரிக்க சர்க்காரின் ஓர் இலாகா, நான்கு படுகைகளில் 96 லட்சம் கோடி கன அடி எடுக்கலாம் என்று 2013-ல் சொன்னது. அதே சர்க்காரின் புவியியல் இலாகா, மூன்று படுகைகளைப் பார்த்துவிட்டு, 6 லட்சம் கோடிக்குச் சற்று அதிகம் என்று கணக்குக் கொடுத்தது. ஒருவர் யானை என்கிறார். மற்றவர் ஆட்டுக்குட்டி என்கிறார். இரண்டு கணக்கிலும் காவிரிப் படுகை உண்டு!

இதையெல்லாம் பேசத்தானே மாநாடு? மாநாட்டுக்குப் பஞ்சம் இல்லை. "இந்திய எரிசக்தி வாரம்" 2023-ல் பெங்களூரில் நடந்தது. 2024-ல் கோவா. 2025-ல் டில்லி. மந்திரிகள் வருகிறார்கள். கம்பெனித் தலைவர்கள் வருகிறார்கள். யாருடைய வயலில் குழாய் இறங்குமோ, அவருக்கு அப்படிப்பட்ட இடங்களில் நாற்காலி போடும் வழக்கம் இல்லை.

காவிரிக் கரையில்

நாற்காலி போடாவிட்டால் என்ன ஆகும்? தஞ்சாவூரும் திருவாரூரும் சொல்லும்.

மன்னார்குடிப் பக்கம் நிலக்கரிப் படுகையில் மீத்தேன் எடுக்க 2010-ல் ஒப்பந்தம் ஆயிற்று. 2011-ல் மாநில சர்க்காரும் கையெழுத்துப் போட்டது. உழவர்களுக்கு விஷயம் பின்னால்தான் எட்டியது. ஊர் ஊராகக் கொதித்தது. இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் கிராமம் கிராமமாக நடந்தார். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே, 2013 டிசம்பர் 30-ந் தேதி, பட்டுக்கோட்டை பக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. 2015-ல் திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று மாநில சர்க்கார் அறிவித்தது.

2017-ல் நெடுவாசலில் இதே கதை. பெயர் மட்டும் வேறு: ஹைட்ரோகார்பன்! மீத்தேன், ஷேல், ஹைட்ரோகார்பன் எல்லாம் ஒன்றா, வெவ்வேறா? ஊர்க்காரர்களுக்கு அதைத் தமிழில் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டியவர்கள், சொல்லத் தவறினார்கள். பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. ஆனால், அதற்கு ஒரு மாதம் முன்னால் மத்திய சர்க்கார் இன்னொரு காரியம் செய்துவிட்டது. சோதனைக் கிணறு தோண்டுவதற்கு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று விதியை மாற்றியது.

அதன் பலன் 2025-ல் தெரிந்தது. ராமநாதபுரம் ஜில்லாவில் 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த செய்தி வெளியே வந்தபோது, ஜில்லாவே திடுக்கிட்டது. அவை ஷேல் கிணறுகள் அல்ல, வழக்கமான கிணறுகள்தான். இத்தனைக்கும் அந்த ஜில்லாவுக்கு வாயு புதிதல்ல. வழுதூரில் அதைக் கொண்டுதான் மின்சாரம் எடுக்கிறார்கள். இருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. மாநில சர்க்கார் அனுமதிக்காது என்று அறிவிப்பு வந்தது.

முன்னாடியே கூப்பிட்டுப் பேசியிருந்தால், சரி என்றோ, வேண்டாம் என்றோ அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆயிரம் லாரி தண்ணீர்

சாத்தூர் எதற்கு என்று கேட்கலாம். அங்கே ஷேலும் இல்லை, வாயுக் கிணறும் இல்லை.

ஆனால் சாத்தூருக்குத் தண்ணீரின் விலை தெரியும். ஒரு ஷேல் கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். 10 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் லாரி, ஆயிரம் நடை அடிக்க வேண்டும்! வைப்பாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதி அதோடு சேர்கிறது, அதிலும் மணல்தான். அந்தக் கரையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கட்டும். நிபுணர்கள் கேட்க மறந்த கேள்வியை அவர் கேட்பார்: "உள்ளே விட்ட மருந்துத் தண்ணி திரும்பி வருமே, அதை எங்கே கொட்டுவீங்க?"

சாத்தூருக்கு நெருப்பும் தெரியும். 2021 பிப்ரவரி 12-ந் தேதி, அச்சங்குளம் பட்டாசு ஆலையில் வெடித்தது. இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். உரிமம் ஒருவர் பெயரில், வேலை நடத்தியது பலர் என்பது, பிணங்களை எடுத்த பிறகுதான் பேச்சுக்கு வந்தது. ஏட்டில் எழுதிய பாதுகாப்பு எவ்வளவு தூரம் ஷெட்டுக்குள் வரும் என்பதை இந்த ஊரைவிட யார் நன்றாகச் சொல்வார்கள்?

தொழில் கூட்டம் நடத்துவதும் இந்த வட்டாரத்துக்குக் கைவந்த கலை. 2021 அக்டோபரில் தீப்பெட்டிச் சங்கங்கள் சிவகாசியில் கூடின. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை என்று ஒவ்வொன்றின் விலையையும் எடுத்து வைத்துப் பேசினார்கள். 14 ஆண்டுகளாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி, டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆயிற்று. பந்தா இல்லை. முடிவு மட்டும் வந்தது.

அடுத்த ஷேல் மாநாட்டை நடத்துகிறவர்கள், அதில் ஒரு நாளையாவது சாத்தூருக்கு ஒதுக்கட்டும். பேச்சு தமிழில் இருக்கட்டும். தமிழ் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வைத்துக்கொள்ளலாம். முன்வரிசை ராமநாதபுரத்துக்கும் நெடுவாசலுக்கும். முதல் நாற்காலி, குடத்தோடு நிற்கும் அந்தப் பெண்ணுக்கு.

வருவதற்குச் சிரமம் இல்லை. மதுரை-திருநெல்வேலி ரயில் பாதையில்தான் ஊர் இருக்கிறது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையும் அந்த வழிதான். போகும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் சாத்தூர்ச் சேவும் வாங்கிக்கொண்டு போகலாம்.